கொமடோர் 64: மின்வழங்கி பழுதுற்ற பழங்கணனியை ஆராயும் முறை

நோயாளியைக் காணச் செல்லும் வைத்தியன், நோய் உடம்பினுள்ளே தோன்றியதா, அன்றி உண்ட உணவின் வழியே வந்ததா என்பதை முதற்கண் ஆராய்வான். உணவே நஞ்சாயிருப்பின், மருந்து கொடுக்குமுன் அவ்வுணவை நிறுத்துதல் வேண்டும். பழைய வீட்டுக் கணனிகளைச் செப்பனிட முற்படுவோர் கைக்கொள்ளவேண்டிய முறையும் இதுவேயாகும். ஆயின் பெரும்பாலோர் செய்வது இதன் மறுதலையாகவே காணப்படுகின்றது. திரை இருண்டு கிடப்பதைக் கண்டதும் கணனியைத் திறக்கின்றனர். ஐயத்துக்குரிய சில்லு ஒன்றைக் கழற்றிப் புதியதொன்றை இடுகின்றனர். பின்னர் அதே பழைய மின்வழங்கியை இணைத்து ஆளியை இயக்குகின்றனர். புதிய சில்லும் பழையதன் வழியே செல்கின்றது. இத்தகைய இழப்பு எவ்வாறு நேருகின்றது, அதனைத் தவிர்த்து ஆராயும் ஒழுங்கு யாது என்பவற்றைக் கொமடோர் 64 என்னுங் கணனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கக் கருதுகின்றோம்.

இக்கணனி 1982ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் இலாஸ் வேகாஸ் நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகத்திலே 595 டொலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. 1994இல் அதனைச் செய்த நிறுவனம் முறிவடையும்வரை ஒரு கோடிக்கு மேற்பட்ட கணனிகள் விற்பனையாயின. அதன் இதயமாக விளங்கிய சில்லுகள் வெளியிலே விலைக்கு வாங்கப்பட்டவை அல்ல. கொமடோர் நிறுவனம் 1976இல் தனதாக்கிக்கொண்ட பென்சில்வேனியாவின் எம்.ஓ.எஸ். டெக்னொலொஜி என்னுஞ் சாலையிலேயே அவை ஆக்கப்பட்டன. 6510 என்னும் முறைவழியாக்கி, படத்தை வரையும் 'விக்' சில்லு, ஒலியைப் பிறப்பிக்கும் 6581 என்னும் 'சிட்' சில்லு ஆகியன அவ்வாறு தோன்றியவை. இன்று அவற்றைச் செய்வார் இலர். நினைவகச் சில்லு இறந்துபடின் வேறொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் ஒரு 'சிட்' சில்லு இறந்துபடின் உலகிலுள்ள மொத்தத் தொகையில் ஒன்று குறைந்ததென்பதே பொருள். ஆகவே மின்வழங்கியைப் பற்றிய கவலை வெறும் பணச்செலவு பற்றிய கவலையன்று.

கொமடோர் 64இன் மின்வழங்கி, கணனிக்குப் புறத்தே, செங்கல் போன்ற தனிப்பெட்டியாக அமைந்தது. அதிலிருந்து இரு வகை மின் கணனிக்குச் செல்கின்றது. ஒன்று, 5 உவோற்று நேரோட்டம். மற்றது, 9 உவோற்று ஆடலோட்டம். சில்லுகளிற் பெரும்பாலானவற்றுக்கு உணவாவது முதலாவது. இரண்டாவது கணனியினுள்ளே சென்று வேறு பணிகளுக்கு உதவும். அவற்றைப் பின்னர்க் காண்போம். பல பெட்டிகளின் உட்புறம் முழுவதும் எப்பொக்சிப் பிசினால் வார்த்து மூடப்பட்டுள்ளது. வீட்டிற் சிறுவர் கையாளும் பொருளாதலின் காப்புக் கருதி அவ்வாறு செய்தனர் போலும். எனினும் அவ்வார்ப்பு வெப்பத்தை எளிதில் வெளிவிடாது. பழுதுற்ற உறுப்பை மாற்றவும் இடந்தராது. எமது கருத்தில், இக்கணனியின் அமைப்பிற் குறைகூறத்தக்க முதலிடம் இதுவே.

அப்பெட்டியினுள்ளே நிகழ்வதைச் சிறிது விரித்துக் கூறுதல் நன்று. நிலைமாற்றியானது வீட்டு மின்னின் அழுத்தத்தைக் குறைக்கின்றது. இருவாயிகள் அதனை ஒருதிசைப்படுத்துகின்றன. கொள்ளளவி அலைவைத் தணிக்கின்றது. இவ்வாறு கிடைப்பது 5 உவோற்றிலும் மிக்க, ஏறி இறங்கும் அழுத்தமாகும். அதனைச் சரியாக 5 உவோற்றில் நிறுத்துவது ஒழுங்காக்கி என்னும் உறுப்பு. குளத்து மதகை இதற்கு ஒப்பிடலாம். குளத்திலே நீர் எவ்வளவு நின்றாலும் வயலுக்கு வேண்டிய அளவையே மதகு விடுகின்றது. ஒழுங்காக்கியின் உள்ளேயுள்ள திரான்சிற்றர் ஒன்று, மிகையான அழுத்தத்தைத் தானே ஏற்று, வெப்பமாக மாற்றி வெளிவிடுகின்றது. உதாரணமாக, உள்வரும் அழுத்தம் 9 உவோற்று எனவும், கணனி இழுக்கும் ஓட்டம் 1.5 அம்பியர் எனவும் கொள்வோம். மிகையான 4 உவோற்றை 1.5ஆற் பெருக்க 6 உவாற்று வரும். இவ்வளவு வெப்பம் பிசினுக்குள் அடைபட்டு, ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு நாளும் ஏறுவதும் தணிவதுமாயிருக்கின், பற்றாசு பிடித்த இடங்கள் வெடிப்பதும் திரான்சிற்றர் நலிவதும் வியப்பன்று.

இனி, மதகு உடைவது இருவகைப்படும். மூடியபடி இறுகிப் போவது ஒரு வகை. அப்பொழுது நீர் வாராது, பயிர் வாடும், ஆயினும் மீண்டும் நீர்விடப் பிழைக்கும். திறந்தபடி உடைந்து போவது மற்றொரு வகை. அப்பொழுது குளத்துநீர் முழுவதும் வயலிற் பாய்ந்து பயிரை அழிக்கும். ஒழுங்காக்கியின் திரான்சிற்றர் உள்ளே குறுஞ்சுற்றாகினும், அதன் தரைமுனையின் பற்றாசு விட்டுப்போயினும் நேர்வது இந்த இரண்டாம் வகையே. ஒழுங்குபடுத்தப்படாத அழுத்தம் அப்படியே கணனியினுட் புகுகின்றது. கொமடோர் 64இன் மின்வழங்கி அஞ்சப்படுவதற்குக் காரணம், அது பழுதுறும்போது பெரும்பாலும் இவ்வழியையே நாடுவதாகும். முழு அழுத்தமும் ஒருங்கே வருதல் வேண்டுமென்பதுமில்லை. 5.3, 5.6, 6 எனச் சிறிது சிறிதாக ஏறி, கணனி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதனை நலிவித்தலும் உண்டு.

5 உவோற்றுக்கென ஆக்கப்பட்ட சில்லுகள் 4.75 முதல் 5.25 வரையுள்ள அழுத்தத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அக்காலத்துச் சில்லுகளின் விவரத்தாள்களில், எவ்வாற்றானும் மீறக்கூடாத எல்லையாகப் பொதுவிற் குறிக்கப்படுவது 7 உவோற்று. ஒழுங்காக்கி திறந்துகொண்டவிடத்து அவ்வெல்லையும் கடக்கப்படும். முதலில் மாள்வன பெரும்பாலும் நினைவகச் சில்லுகளே. அவை மிக நுண்ணிய மின்னேற்றங்களை மெல்லிய படலங்களின் துணையாற் காத்து வைப்பன. மிகையழுத்தம் அப்படலங்களைத் துளைத்துவிடும். 'விக்' சில்லுக்கு மாத்திரம் பழைய சுற்றுப்பலகைகளில் ஓரளவு காப்பு உண்டு. அதற்குரிய 5 உவோற்று, கணனியின் உள்ளேயுள்ள வேறோர் ஒழுங்காக்கியால் 9 உவோற்று ஆடலோட்டத்திலிருந்து தனியே ஆக்கப்படுகின்றது. 'சிட்' சில்லுக்கு அக்காப்பு இல்லை.

ஆகவே, திரை இருண்ட கணனியொன்று கைக்கு வந்தால் முதலிற் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருத்தலேயாகும். 'ஒருமுறை போட்டுப் பார்ப்போம்' என்று ஆளியைத் தொடுதல் ஆகாது. மின்வழங்கியைக் கணனியிலிருந்து பிரித்துத் தனியே வைத்து அளத்தல் வேண்டும். அதன் செருகியில் ஏழு முனைகள் வில்போல வளைந்து நிற்கும். அவற்றின் இலக்கங்கள் வரிசையாக அமையவில்லை என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. வில்லின் இரு கோடிகளிலும் உள்ளவை 6ஆம், 7ஆம் முனைகள். அவற்றிடையே 9 உவோற்று ஆடலோட்டம் காணப்படும். நடுவில் நிற்பது 2ஆம் முனை, அது தரை. 5 உவோற்று நேரோட்டம் வருவது அதன் ஒரு பக்கத்தே அடுத்துள்ள 5ஆம் முனையில். பன்மானியின் கூரிய முனைகள் வழுவி அடுத்த முனையைத் தொடாவண்ணம் கைநடுக்கமின்றி அளத்தல் வேண்டும்.

மானி 5 உவோற்றைக் காட்டியதும் மனநிறைவு கொள்வோர் பலர். அது போதாது. சுமையின்றி நிற்கும்போது நல்லதாய்த் தோன்றும் ஒழுங்காக்கி, ஓட்டம் இழுக்கப்பட்டு வெப்பமேறியபின் தன் குணத்தைக் காட்டக்கூடும். எனவே கணனிக்குப் பதிலாகத் தடையொன்றை 5ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் இடையே இணைத்துச் சோதித்தல் வேண்டும். 5 ஓம் தடையாயின், ஓமின் விதிப்படி 1 அம்பியர் ஓட்டம் செல்லும். அதிற் பிறக்கும் வெப்பம் 5 உவாற்று. ஆதலின் 10 உவாற்றைத் தாங்கவல்ல தடையையே கொள்க. அதனை மேசைமேல் வையாது ஓட்டுத்துண்டின்மேல் வைக்க. அரைமணி நேரம் இவ்வாறு விட்டு, இடையிடையே மானியைப் பார்த்தல் வேண்டும். அழுத்தம் 4.75க்குக் கீழே தாழின் கணனி தடுமாறும், ஆயினும் இறவாது. 5.25க்கு மேலேறத் தொடங்கின் அப்பெட்டியின் வாழ்வு முடிந்ததெனக் கொள்ளலாம். அதனை உடைத்துச் செப்பனிட முயல்வதை யாம் ஆதரியோம். வார்த்த பிசினுள்ளே வீட்டு மின்னின் 230 உவோற்று ஓடுகின்றது. உளியும் சுத்தியலும் அதற்கு ஏற்ற கருவிகளல்ல. சோதனையில் தேறிய பழம் பெட்டியாயினும் நாளை தேறுமென்பதற்கு உறுதியில்லை. பணவசதியுடையோர் அதனை ஓய்வுபெறச் செய்வதே அறிவுடைமை.

மாற்றாக வரும் மின்வழங்கி 5 உவோற்று நேரோட்டத்தை மாத்திரமன்றி 9 உவோற்று ஆடலோட்டத்தையும் தருதல் வேண்டும். '9 உவோற்றுத்தானே, நேரோட்டமாயின் என்ன?' என்று கேட்பாருண்டு. பழைய பலகைகளில் 'விக்', 'சிட்' ஆகிய இரு சில்லுகளுக்கும் 5 உவோற்றுடன் 12 உவோற்றும் வேண்டும். 9 உவோற்று ஆடலோட்டத்தின் உச்சம், 9ஐ 1.414ஆற் பெருக்க, ஏறத்தாழ 12.7 உவோற்றேயாம். இருவாயிகளிற் சிறிது கழியும்; ஒழுங்காக்கி தொழிற்படுவதற்கும் விளைவழுத்தத்தின்மேல் ஏறத்தாழ இரண்டு உவோற்று மிகையாக இருத்தல் வேண்டும். ஆகவே கொள்ளளவிகளும் இருவாயிகளும் சேர்ந்த ஒரு சுற்று, ஆடலோட்டத்தின் ஒரு பாதியை மற்றையதன்மேல் ஏற்றி அழுத்தத்தை உயர்த்துகின்றது. நேரோட்டத்தில் இவ்வித்தை பலிக்காது. இதுவன்றி, ஆடலோட்டத்தின் செக்கனுக்கு 50 அல்லது 60 அலைவுகளை எண்ணியே கணனியின் நேரங்காட்டிகள் நாழிகை கணிக்கின்றன.

புதிய மின்வழங்கிக்கும் கணனிக்கும் இடையே ஒரு காவலனை நிறுத்துதல் மிக நன்று. அழுத்தம் ஏறத்தாழ 5.5 உவோற்றைத் தாண்டியவுடன் இணைப்பைத் துண்டிக்கும் அஞ்சற் சுற்றுகளை ஆர்வலர்கள் ஆக்கியுள்ளனர். சேனர் இருவாயி ஒன்றும் தைரிஸ்டர் ஒன்றும் உருகி ஒன்றும் கொண்டு இதனினும் எளிய காவலை மாணவரே அமைக்கலாம். அழுத்தம் மிகின் சேனர் கடத்தும். தைரிஸ்டர் திறந்து வழங்கியைக் குறுஞ்சுற்றாக்கும். உருகி எரிந்து போகும். சில ரூபாய் பெறும் உருகி, கிடைத்தற்கரிய சில்லைக் காக்கின்றது.

இவையெல்லாம் முடிந்தபின்னரே கணனியைத் திறக்கலாம். கையிலுள்ள நிலைமின்னும் சில்லுகளுக்குப் பகையாதலின் தரையிணைப்புள்ள உலோகமொன்றைத் தொட்டுவிட்டுத் தொடங்குக. 'சிட்' சில்லு தாங்கியிற் செருகப்பட்டிருப்பின் அதனை மெல்ல எடுத்துத் தனியே வைத்துவிடுக. அஃதின்றியும் கணனி எழும்பும். ஒலி மாத்திரமே இராது. பின்னர் உருகியைப் பார்க்கவேண்டும். கணனியின் முகப்பிலுள்ள சிறு விளக்கு எரிவதைக் கொண்டு மின் முழுவதும் வருகின்றதென முடிவு கட்டுதல் தவறு. அவ்விளக்கு 5 உவோற்றுப் பகுதியில் இணைக்கப்பட்டது. உருகியோ 9 உவோற்று ஆடலோட்டப் பகுதியிலுள்ளது. உருகி எரிந்துபோயின் விளக்கு எரியும், திரை இருளும். எத்தனையோ கணனிகள் இவ்வற்ப காரணத்தால் இறந்தனவாகக் கருதப்பட்டிருத்தல் கூடும். உருகி நன்றாயின், உள்ளேயுள்ள இரு ஒழுங்காக்கிகளின் விளைவையும் அளந்து 12, 5 எனக் காண்க. பின்னாளில் வந்த சிறிய பலகைகளில் 12க்குப் பதிலாக 9 உவோற்று நேரோட்டம் பயன்படுத்தப்பட்டது; அவற்றை அளப்போர் மயங்க வேண்டியதில்லை.

அழுத்தங்கள் யாவும் சரியாயிருந்தும் திரை இருண்டிருப்பின், நினைவகத்தை ஐயுறுதல் முறையாகும். முன்னைய பலகைகளில் 4164 என்னும் எட்டுச் சில்லுகள் உள்ளன. ஒவ்வொன்றும் 65,536 பிற்றுகளைக் கொள்ளும். ஒரு பைற்றின் எட்டுப் பிற்றுகளும் எட்டுச் சில்லுகளிற் பகிர்ந்து வைக்கப்படுகின்றன. எட்டெழுத்துச் சொற்கள் பலவற்றை எட்டு மாணவர் ஆளுக்கோர் எழுத்தாக மனனம் செய்திருப்பதாகக் கொள்வோம்: முதல்வன் எல்லாச் சொற்களின் முதலெழுத்தையும், இரண்டாமவன் இரண்டாமெழுத்தையும் இவ்வாறே நினைவிற் கொள்வான். ஒருவன் மறதியுற்றால் ஒரு சொல்லன்று, எல்லாச் சொற்களுமே பிழைபடும். எட்டுச் சில்லுகளில் ஒன்று கெடினும் கணனி முழுவதும் ஊமையாவதன் காரணம் இதுவே.

அவ்வூமைத்தன்மை எவ்வாறு உண்டாகின்றதென்பதும் அறியத்தக்கது. ஆளி இயக்கப்பட்டதும் முறைவழியாக்கி, நிலைநினைவகத்திலுள்ள தொடக்க நிரலைப் படிக்கின்றது. அந்நிரல் சிறு சிறு உபநிரல்களை ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கின்றது. உபநிரல் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டுமென்னும் முகவரி, 256 முதல் 511 வரையுள்ள நினைவகப் பகுதியிற் குறித்து வைக்கப்படும். அக்குறிப்பில் ஒரு பிற்று மாறினும் முறைவழியாக்கி வழிதவறி எங்கோ சென்றுவிடும். திரையை ஒழுங்குசெய்யும் உபநிரலுக்கு அது வந்து சேர்வதேயில்லை. பிழையென்று அறிவிக்கவும் அதற்கு வாய் இல்லை.

இதற்கென்றே கொமடோர் நிறுவனம் தன் பணிமனைகளுக்கு 'டெட் டெஸ்ற்' என்னுஞ் செருகுபெட்டியொன்றைச் செய்தளித்தது. அதன் அமைப்பு மெச்சத்தக்கது. கணனியின் பின்புறத்திற் செருகியதும், கணனியின் தொடக்க நிரலை ஒதுக்கித் தன் நிரலையே அது ஓட்டுகின்றது. நினைவகத்தைச் சோதித்து முடிக்கும்வரை உபநிரல் அழைப்பெதனையும் செய்யாது. அஃதாவது, ஐயத்துக்குரிய சாட்சியின் வாக்கை நம்பாமலே விசாரணை நடத்துகின்றது. பிழை கண்டவிடத்துத் திரையை ஒளிரச்செய்து அணைக்கும். ஒளிர்ந்த தடவைகளின் எண்ணிக்கை, எட்டுச் சில்லுகளுள் எது குற்றவாளியென்பதைக் காட்டும். செருகுபெட்டியை இட்டபின்னும் ஒளியே தோன்றாதாயின், முகவரிகளைப் பங்கிடும் 'பி.எல்.ஏ.' சில்லு, முறைவழியாக்கி, கடிகாரத் துடிப்புச் சுற்று ஆகியவற்றை நோக்கித் திரும்ப வேண்டும்.

இக்கருவி கிடையாதோர்க்கு விரலே கருவி. கணனியை ஒரு நிமிடம் இயக்கி, நினைவகச் சில்லுகளின் முதுகை வரிசையாகத் தொட்டுப் பார்க்க. ஏனையவை இளஞ்சூடாயிருக்க ஒன்று மாத்திரம் சுடுமாயின் அதனையே முதலில் ஐயுறுக. நல்ல சில்லொன்றை ஐயத்துக்குரியதன்மேல் ஏற்றி, கால்கள் ஒன்றோடொன்று தொடுமாறு அழுத்திப் பிடித்து இயக்கிப் பார்த்தலும் உண்டு. திரை உயிர்த்தெழின் கீழுள்ளது கெட்டதென்க. உயிர்த்தெழாவிடின் எம்முடிவுக்கும் வருதல் கூடாது. கெட்ட சில்லு தன் வெளியீட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பின் மேலுள்ளதன் குரல் கேளாது. 4164இல் 8ஆம் காலே 5 உவோற்று, 16ஆம் கால் தரை என்பதும் கவனிக்கத்தக்கது. அக்காலத்துத் தருக்கச் சில்லுகளிற் பெரும்பாலானவற்றுக்கு இது நேர்மாறு.

கெட்டதெனத் துணிந்த சில்லைக் கழற்றும்போது சில்லைக் காப்பாற்ற முயலாது பலகையைக் காப்பாற்ற முயல்க. கால்களைக் கூரிய வெட்டுக்குறடாற் கத்தரித்து உடலை அகற்றியபின், எஞ்சிய பதினாறு கால்களையும் ஒவ்வொன்றாகச் சூடேற்றி எடுத்தல் வேண்டும். முழுச் சில்லையும் ஒருங்கே பெயர்க்க முயல்வோர், பலகையின் மெல்லிய செப்புத் தடங்களையும் உரித்தெடுத்துவிடுவர். அவ்விடத்திற் பதினாறு காற் றாங்கியொன்றைப் பற்றவைத்து, அதிற் புதிய சில்லைச் செருகுக.

நற்பேறாக நீலத்திரை தோன்றி, பேசிக் மொழிக்கு 38911 பைற்றுகள் உள என்று கணனி கூறுமாயின், அக்கூற்றின் பொருளையும் ஆராய்தல் வேண்டும். தொடக்க நிரல் 1024ஆம் முகவரியிலிருந்து மேனோக்கி ஒவ்வொரு பைற்றிலும் 85ஐயும் 170ஐயும் எழுதிப் படித்துப் பார்க்கின்றது. இரண்டின எண்ணில் 85 என்பது 01010101. 170 என்பது 10101010. ஆகவே ஒவ்வொரு பிற்றும் சுழியமாகவும் ஒன்றாகவும் இருக்கக் கூடுமோ என்பது தெளிவாகும். எழுதியது திரும்பி வாராத முதல் முகவரியில் சோதனை நின்றுவிடும். நலமான கணனியில் அது நிற்பது 40960இல்; அங்கே பேசிக் மொழியின் நிலைநினைவகம் தொடங்குவதால் எழுதியது ஒன்று, படிப்பது வேறொன்றாகின்றது. பேசிக் நிரல்கள் 2049இல் தொடங்கும். 40960இலிருந்து 2049ஐக் கழிக்க 38911 வருகின்றது. இவ்வெண் குறைந்து தோன்றின், பழுதுள்ள முகவரி எதுவென்பதை அவ்வெண்ணே சொல்லிவிடும்.

ஆயினும் 40960க்கு மேற்பட்ட 24,576 பைற்றுகளை அச்சோதனை தொடுவதேயில்லை. மிகையழுத்தத்தால் நலிந்த சில்லொன்றின் பழுது அம்மறைவான பகுதியில் ஒளிந்திருந்து, பெரிய நிரலொன்றை இயக்கும்போது மாத்திரம் வெளிப்படக்கூடும். ஆதலால் முழு நினைவகத்தையும் துருவும் சோதனை நிரலொன்றை இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, மானியை 5 உவோற்றுத் தடத்திலே நிறுத்தி வைத்துப் பார்த்தபின்னரே, தனியே எடுத்து வைத்த 'சிட்' சில்லை அதன் தாங்கியில் மீண்டும் பொருத்தலாம்.